கெட்டியாகிற வரைக்கும்

மாலை ஆறு நாற்பது. ஏழு மணிக்கு ஆபீஸ் மேனேஜர் சாப்பிட வருகிறார். புதுக் கிளையை யாரிடம் கொடுப்பது என்று நாளைக் காலையில் அவர்தான் சொல்ல வேண்டும்.

முன் அடுப்பில் இருந்த பாத்திரத்தை மாப்பிள்ளை திறந்து ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். வெறும் உப்புத் தண்ணீர். கடைக்குப் போயிருந்த மனைவியைப் போனில் பிடித்தார்.

"சூப் தண்ணியா இருக்கே!"

"நான் செஞ்சது எது உங்களுக்குச் சரியா இருந்திருக்கு? மைதாவை வெண்ணெயில வறுத்துப் போடுங்க, கெட்டியாகிடும். ரொட்டிக்கு வரிசையில நிக்கிறேன். வைங்க போனை."

ஹாலில் மாமனார் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் துண்டு சுற்றியிருந்தது.

"மாப்பிள்ளை, சூடாச்சா?"

"பொறுங்க மாமா. கெட்டியாகட்டும்."

"எனக்குத் தண்ணியா இருந்தாலே போதும்."

பல் இல்லாதவர் பேச்சு என்று மாப்பிள்ளை விட்டுவிட்டார்.

வறுத்த மாவைப் பாத்திரத்தில் கொட்டினார். கட்டி கட்டியாக மிதந்தது. வடிகட்டினார். மாவெல்லாம் வடிகட்டியில் நின்றது. தண்ணீர் தண்ணீராகவே இறங்கியது.

மறுபடி வறுத்தார். கரைந்தது, கெட்டியாகவில்லை. இன்னும் வறுத்தார். வெண்ணெய் தீர்ந்தது. கொதி வந்தால்தான் மைதா வேலையைக் காட்டும் என்பது கொதி வந்தபோது தெரிந்தது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

பால் ஊற்றினார். பொங்கி, பின் அடுப்பில் மூடியிருந்த பாத்திரத்தின் மேல் வழிந்தது.

"இன்னுமா ஆகல?"

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க மாமா!"

ருசி சப்பென்றிருந்தது. பூண்டு, மிளகு, சீஸ், கைக்கு அகப்பட்டதெல்லாம் உள்ளே போயிற்று. அழைப்பு மணி அடித்தது.

மனைவி ரொட்டியோடு வந்து சேர்ந்தபோது மேனேஜர் மூன்றாவது கிண்ணத்தில் இருந்தார். நான்காவதை ரொட்டியால் துடைத்தார்.

"எத்தனையோ ஓட்டல்ல குடிச்சிருக்கேன்ப்பா. இதுல என்னமோ ஒண்ணு இருக்கு, பிடிபடல. கிளை உனக்குத்தான். என்ன போட்டே, அதைச் சொல்லு முதல்ல."

மாப்பிள்ளை வெட்கத்தோடு வாயைத் திறப்பதற்குள் மாமனார் நொண்டிக்கொண்டே வந்து நின்றார்.

"இடது காலை ஊற வெச்சு முடிச்சாச்சு. வலது காலுக்கு அதே உப்புத் தண்ணியைச் சூடு பண்ண இவ்வளவு நேரமா மாப்பிள்ளை?"