நேர்ல சாரும் சனிக்கிழமைச் சிவப்பும்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் சிவப்பானவுடன் மவுசைப் பிடிக்காமல் மொபெட் சாவியைத் தேடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். ஆகவே நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். அங்கங்கே கொஞ்சம் கூடியிருந்தால் அது பழக்க தோஷம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்குச் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும், "இருங்க, நேர்ல பாத்துட்டு வந்துர்றேன்" என்பார். அதனால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் நேர்ல சார். அவருடைய மனைவியே ஒருநாள் ஆபீசுக்குப் போன் பண்ணி, "நேர்ல சார் இருக்காரா?" என்று கேட்டதாக ஒரு வதந்தி உண்டு. போனை எடுத்தவள் நான்தான் என்பதால் அது வதந்தி இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். கே.கே. நகரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். தனியார் பால் கம்பெனி. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுபது பால் சென்டர்கள். காலையில் கறந்த பால் வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு சென்டரும் போன் பண்ணி இத்தனை லிட்டர் என்று சொல்லும். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அந்த எண்களை வைத்து ரிப்போர்ட் தயாரிப்பது நேர்ல சாரின் வேலை. பிரிண்டர் கரகரவென்று கக்குகிற அந்த நீளமான காகிதத்தை முதலாளி படித்ததாகச் சரித்திரம் இல்லை. அவருடைய பேத்திகள் அதன் பின்பக்கத்தில் யானை வரைந்தார்கள்.

இந்த நிலையில்தான் முதலாளி சென்னையிலிருந்து புது சாஃப்ட்வேர் வாங்கினார். டேஷ்போர்டு என்றார்கள். அறுபது சென்டருக்கும் அறுபது கட்டங்கள். நேற்று வந்த பால் இலக்கைத் தொட்டிருந்தால் பச்சை, கொஞ்சம் குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு. குளிரூட்டும் தொட்டி வைத்த சென்டர்களில் தொட்டியின் குளிர் குறைந்தாலும் சிவப்பு. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்ஜினியர் ஒருவர் டையெல்லாம் கட்டிக்கொண்டு மார்ச் மாத மதுரை வெயிலுக்கு வந்தார்.

"இந்த ரெட் மேல கிளிக் பண்ணீங்கன்னா உள்ள போகும் சார்" என்றார் இன்ஜினியர்.

"எம்புட்டு உள்ள போகும்?" என்றார் நேர்ல சார்.

"வட்டாரம் வரும். அப்புறம் சென்டர் வரும். அப்புறம் அந்த சென்டரோட ஒவ்வொரு நாள் கணக்கும் வரும்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல சார். அவ்ளோதான்."

"அதுக்கப்பறம்தான் தம்பி மாடே வருது" என்றார் நேர்ல சார்.

இன்ஜினியர் டையைத் தளர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

முதல் பக்கத்தின் நடுவே காரில் இருப்பது போல முள் வைத்த மீட்டர் ஒன்று இருந்தது. மொத்தப் பால் எவ்வளவு என்று அது காட்டும். முதலாளிக்கு அதன்மேல் அப்படி ஒரு பிரியம். நேர்ல சாருக்குச் சந்தேகம். முதலாளியின் டிரைவரைக் கையோடு மேலே கூட்டிவந்து, "இதப் பாத்தா ஒனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். டிரைவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் போடணும் சார்" என்றார். அன்று சாயங்காலமே நேர்ல சார் மீட்டரைத் திரையிலிருந்து தூக்கிவிட்டார். முதலாளி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சிவப்பு வந்தால்தான் அவருடைய சுயரூபம் தெரியும். கீழவாசல் பக்கம் வீடு, சௌராஷ்டிரக் குடும்பம். கோபமோ குழப்பமோ வந்தால் வீட்டு மொழியில் முணுமுணுப்பார். கட்டம் சிவந்ததும் முணுமுணுப்பு தொடங்கும், பிறகு நாற்காலி நகரும், பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம், பிறகு கீழே மொபெட் இருமும். மேலூர் பக்கம் ஒரு சென்டரில் தினமும் பதினோரு மணிக்குப் பால் தொட்டியின் குளிர் குறைந்து கட்டம் சிவப்பாகிக்கொண்டிருந்தது. மெஷினில் கோளாறு, புதுசு வாங்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. இவர் போனார். அந்த சென்டரின் ஆபரேட்டர் தினமும் பதினோரு மணிக்குத் தொட்டியின் மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டித் தன் தண்ணீர் பாட்டிலை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தாராம். அரை மணி நேரம் திறந்தபடியே கிடக்குமாம்.

திரும்பி வந்ததும் சென்னைக்குப் போன் போட்டு, கட்டத்துக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடம் வேண்டும் என்றார். சாஃப்ட்வேரில் எழுத்துக்கு இடமில்லை, எண்ணுக்குத்தான் இடம் என்றார்கள். உடனே ஒரு துண்டுச் சீட்டில், "காரணம்: ஆபரேட்டருக்குத் தாகம். மண்பானை வாங்கிக் கொடுக்கப்பட்டது" என்று எழுதி, செலோடேப் போட்டு முதலாளியின் மானிட்டரிலேயே ஒட்டிவிட்டார்.

அதிலிருந்து பிடித்தது வியாதி. "காரணம்: கேன் ஓட்டை." "காரணம்: லாரிக்காரருக்குக் கல்யாணம், எனக்கும் பத்திரிகை வைத்தார்." "காரணம்: பசு வருத்தத்தில் இருக்கிறது, விசாரித்து வருகிறேன்." ஒரே மாதத்தில் முதலாளியின் மானிட்டர் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நடுவில் திரை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முதலாளி ஒருநாள் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தார்.

"ஏய்யா, இம்புட்டுச் செலவு பண்ணி இத வாங்குனது உக்காந்த எடத்துல பாக்கத்தான. இனிமே என் மானிட்டர்ல ஒரு சீட்டு ஒட்டுனீரு, அன்னையோட ஒமக்கு வேலை கெடையாது. சொல்லிப்புட்டேன்."

நேர்ல சார் தலையாட்டினார். முதலாளி அப்படிச் சொன்னால் சொன்னதுதான். அதே வருடம் இரண்டு பேரைச் சொன்னபடியே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

சென்டர்களை ஒவ்வொன்றாக டேஷ்போர்டில் ஏற்றிக்கொண்டு வந்ததில், அந்த நேரத்தில்தான் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரின் கட்டம் ஏறியது; ஏறிய முதல் சனிக்கிழமையே சிவந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே சென்டரை நடத்தியவர் பேச்சியம்மா. புருஷன் இல்லாத மனுஷி. அந்த சென்டர்தான் அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு. முகம் பார்த்ததில்லை என்றாலும் குரலில் எனக்கு அவரை நன்றாகத் தெரியும். தினமும் காலையில், "ஏந்தாயி, எழுதிக்கிறியா?" என்று ஆரம்பிப்பார்.

முதலாளி சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் டேஷ்போர்டைப் பார்ப்பார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு ஒழியும். அந்தச் சனிக்கிழமை சிவப்பு. அடுத்த சனிக்கிழமையும் சிவப்பு. பார்த்த கையோடு நேர்ல சார் மொபெட்டில் கிளம்பி அத்தனை தூரம் போவார். மத்தியானம் போய்ச் சேர்ந்தால் அங்கே லாரிக்குக் காத்துக் கேன் கேனாகப் பால் நிற்கும். "பால் கொறையுதாமே?" என்று இவர் கேட்க, பேச்சியம்மா கோபித்துக்கொண்டு மூடியைத் திறந்து காட்டுவாராம். இப்படி மூன்று சனிக்கிழமை. அவர் பார்க்கப் போனால் பால் வழிகிறது, முதலாளி திரையைப் பார்த்தால் சிவப்பாக இருக்கிறது. நேரில் பார்ப்பதே வேதம் என்று இருந்த மனிதர், நேரில் பார்த்தும் புரியாமல் ஒரு வாரம் முழுக்க வீட்டு மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

நான்காவது சனிக்கிழமையும் சிவந்தால் சென்டரை மூடுவது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். மூடும் கடிதத்தை முன்கூட்டியே டைப் அடித்து வைக்க வேண்டியவள் நான். வெள்ளிக்கிழமை காலை பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாவே போனில் வந்தார்.

"ஏந்தாயி, எழுதிக்கிறியா? இன்னைக்கு ஏழு லிட்டருதேன். வெள்ளிக்கெழமையில்ல."

ஏழு என்று அடித்தேன். பிறகுதான் அந்த இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்தது. யோசித்துப் பார்த்தால், ஒன்றரை வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த போனுக்குப் போயிருக்கிறேன். முதலாளி சனிக்கிழமை பார்க்கிறார், திரை நேற்றைக் காட்டுகிறது, நேற்று எப்போதும் வெள்ளிக்கிழமை. திரைக்கு இலக்கு வைத்தவர் நேர்ல சார், எண்ணை ஏற்றியவள் நான், எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் இது ஏறவில்லை. அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

சொன்னேன். நேர்ல சார் மொபெட் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு டிராயரிலேயே போட்டார். பிறகு, "கெளம்புங்க மேடம். ரெண்டு பேரும் முட்டாளு, ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

உசிலம்பட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். இறங்கும்போது உச்சி வெயில். சென்டரில் கேன்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. கோயில் வாசலில் பெரிய அண்டாவில் பால் காய்ந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறைப் பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். ஏற்கெனவே குடித்தவர்கள் மேலுதட்டில் வெள்ளை மீசையோடு மறுபடி வரிசையில் சேரப் பார்த்தார்கள். கரண்டியோடு நின்ற பெண்மணியின் அதட்டலைக் கேட்டதும் அவர்தான் பேச்சியம்மா என்று தெரிந்துவிட்டது.

"என்னம்மா இது?" என்றார் நேர்ல சார்.

"இதென்ன கேள்வி சார். வெள்ளிக்கெழமப் பால வித்துருவாகளா? முன்ன ஒருக்க கோமாரி வந்து மாடெல்லாம் சாகப் பாத்துச்சு. அப்ப ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டது. வெள்ளிக்கெழமப் பாலு கன்னுக்குட்டிக்கும் ஊருப் புள்ளைகளுக்கும். அந்தா நிக்குதுகள்ல, அந்த மூணும் மாடு இல்லாத வீட்டுப் புள்ளைக. அதுகளுக்கெல்லாம் வாரத்துல இன்னைக்கு மட்டுந்தேன் பாலு."

"அந்த ஏழு லிட்டரு?"

"அது பக்கத்தூரு பாலு சார். அவுக நேந்துக்கிடல."

"இத ஏம்மா எங்க கிட்டச் சொல்லல?"

"இதப் போயி யாராச்சும் சொல்லுவாகளா? மதுரைக்காரவுகளுக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளரை நீட்டினார். நேர்ல சார் இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தார். நான் எத்தனை குடித்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்குச் சண்டை.

"ஒண்ணும் பெருசு இல்ல சார். அந்த ஊருக்கு மட்டும் வெள்ளிக்கெழம இலக்க ஏழு லிட்டருன்னு மாத்திருங்க. பச்சையாயிரும். மொதலாளிக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

"பால் வரல மேடம். வராதத எப்பிடிப் பச்சைன்னு காட்டுறது?"

"அந்தம்மா பொழப்பு போகுது சார். ஒங்களுக்குக் கலரு பெருசாப் போச்சா?"

அவர் செக்கானூரணி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். எனக்கு அந்த மொழி தெரியாமல் போனது நல்லதாயிற்று. நானும் தமிழில் சிலவற்றை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மானிட்டரில் பேச்சியம்மாவின் கட்டம் சிவப்பாகத்தான் இருந்தது. இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கட்டத்தின் மேலேயே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. வெளியே நேர்ல சார் தன் மேஜை டிராயரிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூடு, பேனா, சாமி படம் எல்லாவற்றையும் எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது இரண்டு பெண்கள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி வந்தார். சீட்டைப் பார்த்தார். "யோவ்" என்று ஒரு சத்தம். நேர்ல சார் பையோடு உள்ளே போனார். நான் கூப்பிடாமலே பின்னால் போனேன்.

முதலாளி சீட்டைப் பிய்த்துக் கையில் வைத்துப் படித்தார். "காரணம்: வெள்ளிக்கிழமை. இந்த ஊரில் வெள்ளிக்கிழமைப் பால் விற்பனைக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. நேரில் பார்த்தது. மற்ற ஆறு நாளையும் தயவுசெய்து கிளிக் செய்து பார்க்கவும்."

அவர் கிளிக் செய்தார். வியாழன் பச்சை. புதன் பச்சை. செவ்வாய் பச்சை. முந்தின சனிக்கிழமை வரை பின்னால் போய்ப் பார்த்தார். அத்தனையும் பச்சை.

"நீரு அங்க பால் குடிச்சீரா?" என்றார்.

"ரெண்டு டம்ளரு."

முதலாளி மவுசை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "எங்க வீட்லயும் வெள்ளிக்கெழம வெளக்கு வச்சிட்டா எங்கம்மா ஒருத்தருக்கு ஒரு கரண்டி மோரு குடுக்க மாட்டா. நான் அதையெல்லாம் மறந்தே போனேன்யா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த லெட்டரு அடிச்சது என்னாச்சு?" என்றார்.

"பாதியில நிக்குது சார்."

"பாதியிலயே நிக்கட்டும். யோவ், அந்தப் பையத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்டீரு? போயி உக்காந்து வேலையப் பாரும்."

அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மா போனில், "ஏழு லிட்டருதேன் தாயி, வெள்ளிக்கெழமையில்ல" என்றார். "சரிங்கக்கா, இன்னைக்கு எத்தன புள்ளைக?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு என்று பெருமையாகச் சொன்னார். முப்பத்திரண்டை ஏற்ற சாஃப்ட்வேரில் இடமில்லை. ஏழை மட்டும் ஏற்றினேன். மறுநாள் அந்தக் கட்டம் ஜம்மென்று சிவந்து நின்றது. அதை மாற்றச் சொல்லி நேர்ல சாரிடம் பஸ்ஸில் சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து, ஒரு காபி மட்டும் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருடம் பக்கத்திலேயே இருந்தும், அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை நேரில் ஒருநாளும் சொன்னதில்லை.