ஹாரன்காரரின் விரல் நீள எஞ்சின்

காவிரிக்கு இந்தப் பக்கம் ஹாரன்காரரைப் போல் ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. மறுப்பவர்கள் திருச்செங்கோட்டுக்கு வந்து என்னோடு வாதாடலாம். என் வீட்டில் நாற்காலி நான்கு. ஒன்றுக்குக் கால் ஆடும், அதில் உட்கார வேண்டாம்.

அவருக்குப் பெயர் வேறு இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. சங்ககிரி ரோட்டில் கடை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு ஏர் ஹாரன் மாட்டுவது தொழில். அவர் மாட்டிய ஹாரனை ஒருமுறை அடித்தால் அர்த்தநாரீசுவரர் மலையே ஓரமாக ஒதுங்கி வழிவிடும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை, விரல் நீள ரயில் எஞ்சினுக்குள் சத்தம் வைப்பது.

அசல் எஞ்சினை நூற்றறுபதில் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் அது. பொம்மை என்று சொன்னால் சண்டைக்கு வருவார். மேல் ஓட்டைக் கழற்றி, உள்ளே கனத்துக்கு வைத்திருக்கும் இரும்பை அரத்தால் ராவி இடம் பண்ணி, டிகோடர் என்கிற நகத்தளவு சர்க்யூட் போர்டைப் பொருத்துவார். மோட்டாரை ஓட்டுவதும், வேகத்துக்குத் தக்கபடி எஞ்சின் சத்தத்தை எழுப்புவதும் அதுதான். பக்கத்தில் புளியங்கொட்டை அளவு ஸ்பீக்கர். ஒரு ஒயர் எஞ்சின் உடம்பில் பட்டால் போர்டு புகைந்துவிடும்.

"மூக்குத்தித் திருகாணி கீழ விழுந்தா கண்ணு தெரியலம்பாரு. இந்த மசுராட்டம் ஒயரு மட்டும் எப்புடித் தெரியுதுன்னு கேளுங்க" என்று அவர் வீட்டம்மா என்னிடம் முறையிடுவார்.

"திருகாணி சத்தம் போடாதில்ல" என்பார் ஹாரன்காரர், தலையைத் தூக்காமல்.

வெளியூர்க்காரர்களும் கூரியரில் எஞ்சின் அனுப்புவார்கள். மும்பைக்காரர் ஒருவர் நம் ஊர் டீசல் எஞ்சினை அனுப்பி, அதில் அமெரிக்க எஞ்சின் சத்தத்தை வைக்கச் சொன்னார். இவர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டுப் போனில் சொன்னார்: "ஏனுங்க, உங்க தாத்தா போட்டோவுக்கு எங்க தாத்தா மீசைய வரையச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கும்?"

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. கோயம்புத்தூரில் ஆண்டுதோறும் ஒரு சங்கத்தார் மாடல் ரயில் கண்காட்சி நடத்துவார்கள். மண்டபத்தின் நடுவே பெரிய தண்டவாள மேடை. அதில் தன் எஞ்சின் ஒரு சுற்று ஓட வேண்டும். முதல் தடவை, வேலை பழகிய புதிதில், டிகோடரோடு வந்த சத்தத்தையே வைத்துக் கொண்டுபோனார்; வெளிநாட்டுச் சத்தம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை, கிட்டத்தட்ட டீசல் எஞ்சின் போலவே இருக்கிறது என்று ரிக் லாரியின் கம்ப்ரசர் சத்தத்தைப் பதிந்து கொண்டுபோனார். எஞ்சின் கிளம்பியதும் கூட்டத்தில் ஒருவர், "எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?" என்று கேட்டார். அவரும் திருச்செங்கோட்டுக்காரராம்.

இனி அசல்தான் என்று ஹாரன்காரர் முடிவுகட்டினார். ஆனால் ராசிபுரம் பாதையில் மின்கம்பி இழுத்துவிட்டார்கள். டீசல் எஞ்சின் அத்திபூத்தாற்போலத்தான் வரும். பல நாள் காத்திருந்தபின் ஜல்லி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று டீசல் எஞ்சினோடு வருவதாக ரயில்வே கேட்கீப்பர் தகவல் தந்தார். ஹாரன்காரர் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தூரத்தில் வண்டி தெரிந்தது; எஞ்சின் கடைசியில் இருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. இவர் போனில் பதிவைப் போட்டு வேலிக்கல்லின் மேல் வைத்தார்.

"சார், நீங்க இங்கயே நில்லுங்க. ஆடு வந்தா வெரட்டுங்க. நான் போயி கேட்டுல நிக்கற பைக்கெல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லிட்டு வாரேன்."

ஆடு வரவில்லை. நான் ஒழுங்காகத்தான் நின்றேன். முன்னால் பெட்டிகள் போயின. பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டே நெருங்கியது. பெட்டி போனால் எண்ணாமல் எப்படி இருப்பது?

வீட்டுக்கு வந்து கேட்டோம். அருமையான உறுமல். அதன் மேல் என் குரல்: "பதினேழு... பதினெட்டு... இதென்ன, கதவை இப்படி ஒடச்சு வெச்சிருக்கானுங்க... பத்தொம்பது..."

அவர் போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆட்டைப் பற்றித்தானே சொன்னார், எண்ணக்கூடாது என்று சொன்னாரா?

மறு ஞாயிறு அந்தப் பதிவையே டிகோடரில் ஏற்றிவிட்டார். எஞ்சின் கிளம்பும்போது வெறும் உறுமல். வேகமெடுத்தால், "பதினேழு, பதினெட்டு" என்று நான். முழு வேகத்தில், கதவைப் பற்றிய என் புகார் திரும்பத் திரும்ப.

கண்காட்சிக்கு நானும் போனேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட நிர்வாகி எஞ்சினைச் சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து காதை வைத்தார்.

"சத்தம் பிரமாதம். ஆனா உள்ள யாரோ பேசறாங்களே?"

"பேசலீங்க. எண்ணறாரு."

"குரலை மட்டும் அழிச்சிடலாம். என் லேப்டாப்லயே அரை மணி நேரத்துல பண்ணித் தர்றேன். மத்தியானம் மேடையில முதல் வண்டி உங்களோடதுதான்."

"அழிச்சிரட்டும் ஹாரன்காரரே. எத்தனை வருஷ ஆசை" என்றேன்.

"நீங்க செத்த சும்மா இருங்க" என்று என்னை அதட்டிவிட்டு நிர்வாகியிடம் திரும்பினார். "எங்க பக்கம் வண்டி போறப்ப நின்னு எண்ணாத மனுசனே கிடையாதுங்க. இவரையும் அழிச்சுட்டா, ஆளில்லாத காட்டுல ஓடற எஞ்சினாப் போயிரும். அது எனக்கு வேண்டாங்க."

"அப்ப மேடையில விட முடியாதுங்க."

"விடாதீங்க."

எஞ்சினைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். வாசலில் டீக்கடை பெஞ்சின் மேல், கையோடு கொண்டுவந்திருந்த தண்டவாள வளையத்தைப் பூட்டி, அங்கே நின்ற ஒரு லாரியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தார். எஞ்சின் சுற்றியது. டீ குடிக்க வந்தவர்கள் குனிந்து கேட்டார்கள். கதவுப் புகார் வரும்போதெல்லாம் சிரித்தார்கள். சற்று நேரத்தில் மண்டபத்துக்குள் இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். கழுத்து அட்டைக்காரர் கையில் டீயோடு, "பத்தொம்பது" என்று தானும் சேர்ந்து சொன்னதை நான் பார்த்தேன். ஹாரன்காரர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது, இத்தனை வீம்பு எதற்கு என்று அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெருந்துறை தாண்டியது. திரும்பிப் பார்த்தால், மடியில் பெட்டியோடு என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே லாரிகள் வரிசையாக வந்தன. எண்ணத் தொடங்கினால் எனக்கு வாய் சும்மா இருக்காது, அவர் விழித்துக்கொள்வார். ஊர் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.