செர்ரிச் செடிகளுக்கு நடுவே சுமதியின் நைட்டி

பேய் பிசாசு எல்லாம் சுத்தப் பொய் என்று நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் பேசுகிறவன் நான். நானே கட்டி நிறுத்திய பொம்மையைப் பட்டப்பகலில் பார்த்துப் பயந்து, சமையலறை ஜன்னலின் பிளைண்ட்ஸை இழுத்து மூடியவனும் நான்தான். என் மனைவி சுமதி இதை எப்படியும் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். அதற்கு நானே ஒப்புக்கொள்வது கொஞ்சம் கௌரவம்.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று செர்ரிச் செடிகள் இருந்தன. மரம் இல்லை, குட்டைப் புதர். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாது. பனிக்காலம் முழுக்கச் செத்த குச்சி மாதிரி நின்றுவிட்டு, ஏப்ரல் கடைசியில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். சுமதிக்கு வேலை போன வருடம் அவற்றை வாங்கி நட்டாள். ரெஸ்யூமே அனுப்பிப் பதில் வராத பகல்களில் அவற்றின் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். "இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது இது மூணுதாங்க" என்று ஒரு நாள் சொன்னாள். (நானும் எங்கள் மகள் மித்ராவும் அப்போது பக்கத்தில்தான் நின்றோம். நாங்கள் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.) பிறகு வேலை கிடைத்தது, ஆனால் செடிகளின் மேல் இருந்த பிரியம் குறையவே இல்லை. இரண்டு வருடம் ஒரு பழம் கூட இல்லை. மூன்றாம் வருடம் நடுச்செடி கிளை தாழக் காய்த்தது.

காய் சிவக்க ஆரம்பித்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. மாமனாருக்கு இதயத்தில் ஆபரேஷன். பள்ளிக்கு லீவு விட்டிருந்ததால் மித்ராவையும் கூட்டிக்கொண்டு சுமதி அடுத்த நாளே கிளம்பினாள். மாமியார் எனக்குத் தனியாக போன் செய்தார்.

"மாப்ள, ஆபரேசன் நல்லபடியா முடியற வரைக்கும் வெளிய ஒருத்தருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க. கண்ணு பட்டுரும்."

"சரிங்க அத்தை" என்றேன். நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் மாமியாரிடம் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஏர்போர்ட்டில் அப்பாவை நினைத்து அழுதுகொண்டிருந்த நிலையிலும் சுமதி என் கையைப் பிடித்து, "ஏனுங்க, நல்லாக் கருஞ்சிவப்பு ஆனப்புறம் பறிங்க. கொட்டைய எடுத்துட்டு ஃப்ரீஸர்ல வைங்க. குருவிக்கு விட்றாதீங்க. நான் வந்து கண்ணால பாக்கோணும்" என்றாள். "நான் இருக்கறன்ல, நீ தைரியமாப் போயிட்டு வா" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடமெல்லாம் விளங்கியதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் விவசாய அறிவு விழித்துக்கொண்டது. செடியின் அடியில் மீன் தலையைப் புதைத்தால் பழம் பெருக்கும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருந்தார்கள். மீன் கடையில் ஒரு பை நிறையத் தலைகள் வாங்கி வந்து நடுச்செடிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தேன். (பழுக்கிற செடிக்கு இப்போது எதற்கு உரம் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.) அடுத்த நாளே ராபின் பறவைகள் வந்துவிட்டன. வலை வாங்கிப் போர்த்தியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம். பொம்மை கட்டினால் போயிற்று என்று முடிவு செய்தேன்.

மாப் குச்சியில் ஒரு ஹேங்கரைக் கட்டி, சுமதியின் பழைய ஊதா நைட்டியை மாட்டினேன். வெள்ளைத் தலையணை உறையில் துணியைத் திணித்துத் தலை செய்தேன். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் நம் ஊரில் தொங்கவிடுவார்களே, அந்தத் திருஷ்டி பொம்மை மாதிரி முகம் வரையத் திட்டம். இரண்டு பெரிய கண்களை வரைவதற்குள் மார்க்கர் தீர்ந்துவிட்டது. மீசை இல்லை, வாய் இல்லை. வெறும் கண். போதாது என்று, அலமாரியில் கிடந்த அவளுடைய கல்யாணச் சவுரியைத் தலையில் பின் குத்தித் தொங்கவிட்டேன். மீன் புதைத்த மண் இளகலாக இருந்ததால் குச்சி சுலபமாக இறங்கியது.

கை கழுவிவிட்டு சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செடிகளுக்கு நடுவே சுமதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கழுவிய கையை மறுபடி கழுவினேன்.

அன்று மாலை பக்கத்து வீட்டு டோனா ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ரிட்டயர்ட் நர்ஸ், தனியாக இருப்பவர், சுமதிக்கு ரொம்பப் பழக்கம். சுமதியையும் குழந்தையையும் காணவே இல்லையே என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் எதற்கு என்று கேட்பார், பேச்சு ஆபரேஷனில் போய் நிற்கும். "ரெஸ்ட் எடுக்கறா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை காபியோடு ஜன்னலுக்குப் போனால், பொம்மை பக்கவாட்டில் நின்றது. அதற்கு அடுத்த நாள் பாதி முகம் தெரிந்தது. மூன்றாம் நாள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றில் திரும்பியிருக்கும் என்று சத்தமாக எனக்கே சொல்லிக்கொண்டேன். துணிச்சலை வரவழைத்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அதன் காலடியில் மண் பறிக்கப்பட்டிருந்தது. விரல் விரலாகக் கீறல்கள். உள்ளேயிருந்து எதுவோ வெளியே வரப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு வாடை வேறு. மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தேன்.

அப்புறம் மழை பிடித்தது. ஊதா நைட்டி நனைந்து குச்சியோடு ஒட்டி, பொம்மை மெலிந்துவிட்டது. சவுரியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண் மை கரைந்து இரண்டு கோடாக இறங்கியது. வீட்டில் இருந்துதான் வேலை, மீட்டிங்கில் உட்கார்ந்தால் அது என் முதுகைப் பார்ப்பது தெரியும். பிளைண்ட்ஸை மூடினேன். மூடியபின் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாதது இன்னும் மோசமாக இருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் பின்கதவைத் திறந்து கத்தியே விட்டேன்.

"ஏய், எதுக்குடி இப்படிப் பாக்கற? அந்தப் பக்கம் திரும்பித் தொலையேன்!"

பொம்மை அசையவில்லை. வேலிக்கு அப்பால் டோனா ஆன்ட்டியின் குடை மட்டும் அசைந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராபின்களோ அதன் தலையில் உட்கார்ந்து நிதானமாகப் பழம் தின்றன. அந்தத் தோட்டத்தில் பொம்மைக்குப் பயந்த ஒரே ஜீவன் அடியேன்தான்.

ஆபரேஷன் சனிக்கிழமை. மானம் போகிறதே என்று அன்று காலை தலையைக் குனிந்தபடியே போய், மீந்த பழத்தில் ஒரு கிண்ணம் பறித்து வந்தேன். ஹேர்பின்னால் கொட்டையை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சிவப்பு, சட்டையெல்லாம் சிவப்பு. அப்போது காலிங் பெல் அடித்தது. அப்படியே போய்த் திறந்தேன். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

பெண் ஆபீசர் என் கைகளைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் வைத்தார். "இது பழம்" என்றேன். அவர் மிக அமைதியாகக் கேட்டார்.

"உங்கள் மனைவி எங்கே?"

"இந்தியாவில்."

"ரெஸ்ட் எடுக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னீர்களாமே?"

"ஆமாம்."

"எதற்காக இந்தியா போயிருக்கிறார்?"

"அதைச் சொல்லக் கூடாது."

"யார் சொன்னது?"

"என் மாமியார்."

பின்னால் நின்றவர் இடுப்புத் துப்பாக்கியில் கை வைத்தார். சுமதிக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஐ.சி.யூ. வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அதையும் சொல்ல முடியாது.

தோட்டத்தைப் பார்க்கலாமா என்றார்கள். கூட்டிப் போனேன். மழை விட்டு, புல்லிலெல்லாம் புகை மாதிரி ஆவி எழுந்துகொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து பொம்மை அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தது. பெண் ஆபீசர் அதன் முதுகைப் பார்த்துக் குரலைத் தணித்து, "மேடம்?" என்றார். இன்னும் நெருங்கி, "மேடம், உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்றார். ஒரு காற்று அடித்தது. சவுரி மெல்லச் சுழன்று, வாயில்லாத அந்த முகம் அவர் பக்கம் திரும்பியது. அவர் ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. எனக்கு ஒரு கணம் கேவலமான நிம்மதி வந்தது. நான் மட்டும் பயந்தாங்கொள்ளி இல்லை.

அப்புறம் அவருக்கு வாடை தெரிந்தது. காலடியில் கிளறிக் கிடந்த மண்ணையும் பார்த்தார். "இங்கே என்ன புதைத்தீர்கள்?"

"மீன். தலை மட்டும்."

இதை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே புரிந்தது. வேலியோரம் டோனா ஆன்ட்டி வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். "வேண்டாம், நாங்கள் ஆட்களை வரவழைக்கிறோம்" என்று ஆபீசர் சொல்லச் சொல்ல, நான் ஷவலை எடுத்துத் தோண்ட ஆரம்பித்துவிட்டேன். என் நிரபராதித்தனம் ஓரடி ஆழத்தில் கிடக்கும்போது மனுஷன் எப்படிச் சும்மா நிற்பான்? ஏதோ தடுத்தது, ஓங்கிக் குத்தினேன். மறுபடி குத்தினேன். நடுச்செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மீதிப் பழங்களோடு என் காலில் விழுந்தது. குழியிலிருந்து மீன் தலைகள் கண்ணைத் திறந்தபடி எங்கள் எல்லோரையும் பார்த்தன. மண்ணைக் கீறியது எது, பொம்மையைத் திருப்பியது எது என்று ஆபீசர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். மீன் வாசனைக்கு வந்த ரக்கூன், ராத்திரியில் குப்பைத் தொட்டியைக் கிளறும் பிராணி.

அப்போது போன் அடித்தது. வீடியோ கால்.

"ஏனுங்க, அப்பா கண்ணு முழிச்சுட்டாரு! டாக்டர் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாருங்க" என்று சுமதி சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மித்ரா, "அப்பா, ஹூ இஸ் தட் லேடி? வொய் இஸ் ஷி வேரிங் அம்மாஸ் நைட்டி?" என்றாள். நான் போனை ஆபீசரிடம் நீட்டினேன். அவர் இருவரையும் பார்த்தார், பெயர் கேட்டார், மாமனார் நலம் விசாரித்தார். டோனா ஆன்ட்டியும் வேலி மேல் எக்கிப் பார்த்து, "நீ உயிரோடு இருக்கிறாய்!" என்று விம்மினார்.

போன் என் கைக்குத் திரும்பி வரும் வழியில் தரையைக் காட்டிவிட்டது. சுமதியின் சிரிப்பு நின்றது.

"அது நடுச்செடிங்களா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு அப்பா பொழச்சாரே, அது போதும்" என்றாள். அந்த நொடியில் அந்தக் குழிக்குள் நானே படுத்து மண்ணைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

செடியைத் திரும்ப நட்டோம், டோனா ஆன்ட்டி பிடித்துக்கொள்ள நான் மண் அணைத்தேன். வேர் அறுந்துபோயிருந்தது. அடுத்த ஏப்ரலில் ஓரத்துச் செடிகள் இரண்டும் பூத்தன, நடுவில் காய்ந்த குச்சிதான் நின்றது, அதையும் பிடுங்கிப் போட்டோம். சுமதி இப்போது ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பெட்டியோடு முதலில் டோனா ஆன்ட்டி வீட்டுக்குப் போய், நேரில் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் கார் ஏறுகிறாள். ஜூன் மாதம் வீட்டுக்கு வருகிறவர்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, நடுவில் ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்காமல் இருப்பதில்லை. சுமதி அவர்கள் கையில் ஒரு கிண்ணம் பழத்தைக் கொடுத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள்:

"போலீஸ் வந்துச்சுங்க, ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஆனா இந்த வீட்டுல அன்னைக்கு ஒரு கொலை நடந்தது நெசந்தான். ரெண்டு ஆபீசருங்க கண்ணு முன்னாலயே, ஷவல்ல குத்தி, இவருதான் பண்ணாரு."