மொட்டையிடம் சொன்ன ரகசியங்கள்

சோபாவுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரர் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் பாதியை விழுங்கிய கறுப்பு வீடியோ கேம் கருவி கண்ணை மூடியிருந்தது. கைக்கொன்றாக இரண்டு பிடிகள். பார்க்கிறவர்களுக்கு அது ஹால். அவருக்கோ அது இடிந்துபோன தொழிற்சாலை. சுற்றிலும் எதிரிகள், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு மொட்டைச் சிப்பாய்.

"தம்பி மொட்டை, உன் அண்ணி போடுற காப்பி இருக்கே, பாத்திரம் கழுவின தண்ணிக்கும் அதுக்கும் நிறத்துலகூட வித்தியாசம் இல்லடா."

மொட்டை தலையை ஆட்டினான். அவன் மெஷின் ஆட்டிவைக்கிற பொம்மை. சுடுவான், குனிவான், இவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் கேட்க ஒரு ஜீவன் கிடைப்பது கல்யாணமானவருக்கு லேசுப்பட்ட விஷயமா என்ன!

மனுஷர் வாயாடி ரகம் இல்லை. கடையில் அவர் "இந்த எழுத்து தெரியுதா?" என்று கேட்டால், எழுத்து தெரிந்தவர்களுக்கும் கேள்வி காதில் விழாது. வீட்டில் அதுவும் கிடையாது. "ம்" என்பார். ரொம்ப உணர்ச்சிவசப்பட்டால் "ம்ம்" என்பார். அப்படிப்பட்டவருக்கு மச்சினன் தன் பழைய கருவியைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்துதான் பேச்சு வந்தது. சுடுவதில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. சுவருக்குப் பின்னால் பதுங்கியபடி மொட்டையிடம் மனசைக் கொட்டுவதுதான் ஆட்டம். எதிரிகளும் தேடிப் பார்த்துவிட்டுச் சலித்துப் போய்விடுவார்கள்.

மறுநாள் காலை, டம்ளர் மேஜையில் 'டங்' என்று இறங்கியது. உள்ளே தார் ஊற்றினாற்போல் காப்பி.

"நிறம் போதுமா?" என்றாள் மனைவி.

அவர் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ம்" என்றார்.

"என் தம்பிக்கு இந்த ஊருக்கே மாத்தலாயிடுச்சு. பின் அறையில ஆறு மாசம் இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

ஒண்ணு இல்லை, ஓராயிரம் இருந்தது. மச்சினன் தங்கமான பையன்தான். ஆனால் குளியலறைக்குள் போனால் வெளியே வரும் வழியை மறந்துவிடுவான். விடிய விடிய போனில் சிரிப்பான். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் ஒரு முறைகூட 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகாத நாக்கு, இப்போது மட்டும் எப்படிப் புரளும்?

"வரட்டுமே," என்றார்.

கடைக்குப் போனதும் மச்சினனுக்கே போன் போட்டார். "மாப்ள, இந்த மெஷின் நாம பேசுறதை வெளிய யாருக்காவது சொல்லுமா?"

"நெட்ல இருந்தா எதுவும் நடக்கும் மாமா. பயமா இருந்தா நெட்டை நிறுத்திட்டுத் தனியா ஆடுங்க. ஏன், அப்படி என்ன பேசுறீங்க?"

"சும்மா, பொது அறிவுக்குக் கேட்டேன்."

அன்று சாயங்காலமே நெட்டை நிறுத்தினார். போர்க்களத்தையும் ஹாலிலிருந்து பின் அறைக்கு மாற்றினார். கதவைத் தாழ்ப்பாள் போட்டார். புழுக்கத்துக்காக ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார். அது தெருவைப் பார்த்த ஜன்னல்கூட இல்லை. காற்றுக்காகக் கட்டடத்தின் நடுவே விட்டிருந்த இடைவெளியைப் பார்த்தது, அவ்வளவுதான். இனி ஈ காக்கைக்குத் தெரியாது என்று கருவியை மாட்டிக்கொண்டார்.

"மொட்டை, மேல் வீட்டு பேங்க்காரர் காலையில குளிக்கும்போது பாடுறார் பாரு, அதைக் கேட்டா குழாய்ல வர்ற தண்ணிகூட பயந்து நின்னுடுதுடா!"

மறுநாள் காலை மேல் வீட்டில் பாட்டு இல்லை. படிக்கட்டில் எதிரே வந்த பேங்க்காரர் மூஞ்சியை ஒரு முழம் நீட்டிக்கொண்டு, "என்ன சார், தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காப்பி விஷயம் மனைவிக்குத் தெரிந்தது ஒரு அதிசயம். குழாய் விஷயம் பேங்க்காரருக்குத் தெரிந்தது அதைவிடப் பெரிய அதிசயம். நெட் இல்லை, தாழ்ப்பாள் போட்ட அறை, கேட்டவன் மொட்டை ஒருவன்தான். அவனுக்கோ வாயே கிடையாது. வேறொருவராயிருந்தால் பயந்திருப்பார். இவருக்குப் பயத்தைவிட, இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் நமைச்சல்தான் அதிகமாக இருந்தது.

முதலில் கருவியின் முன்பக்கத்துக் கேமராக்கள் மேல் சந்தேகம் விழுந்தது. அவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். மாட்டியதும், அறையைப் பார்க்க முடியாத கருவிக்குத் திசை குழம்பி, தொழிற்சாலை அப்படியே சாய்ந்து மொட்டையோடு சேர்ந்து சுற்றியது. இவர் நேராக நடந்து இரும்பு பீரோவோடு மோதினார்.

"என்னங்க சத்தம்?" என்று கதவுக்கு வெளியே மனைவி.

"ம்."

"நெத்தியில புடைச்சிருக்கும், ஐஸ் வெச்சுக்குங்க!"

கதவு மூடியிருக்க நெற்றி என்று இவளுக்கு எப்படித் தெரியும்? முட்டியவுடன் 'ஐயோ நெத்தி' என்று தான் அலறியது அவர் நினைவிலேயே இல்லை.

அடுத்து, கருவியின் குட்டி ஸ்பீக்கர்கள். சத்தம் கசிவதே அந்த வழியாகத்தான் என்று முடிவு கட்டினார். கடைத்தெருவுக்குப் போய், காதை முழுசாக மூடுகிற தடித்த ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்தார். "மாட்டினா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது சார்," என்று விற்றவன் சத்தியம் செய்தான். அவன் சொன்னது நிஜம். துப்பாக்கிச் சத்தம் மண்டைக்குள்ளேயே வெடித்தது, வெளியுலகம் அடியோடு அடங்கிவிட்டது. ஆஹா, இதுவல்லவா பாதுகாப்பு!

உளவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு பொய்யைப் பொறியாக வைத்தார்.

"மொட்டை, உன்கிட்ட மட்டும் சொல்றேன். நாளைக்கு எனக்குப் பிறந்தநாள்."

மறுநாள் கதவைத் திறந்தால் பேங்க்காரர் கேக்கோடு நிற்கிறார். மூஞ்சி பழைய நீளத்துக்குத் திரும்பியிருந்தது. "பழசை மறந்துடுவோம் சார். நல்லா இருங்க." கீழே வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். எதிர்வீட்டு டீச்சர் பேனா பரிசளித்தார்.

மனைவி மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்ப எனக்கு இத்தனை வருஷமா சொன்ன தேதி?"

"அதுதான் நிஜம். இன்னைக்குன்னு யார் சொன்னாங்க உனக்கு?"

"டீச்சர் சொன்னாங்க."

டீச்சரைக் கேட்டால் பேங்க்காரரைக் கை காட்டினார். பேங்க்காரர் வாட்ச்மேனைக் கை காட்டினார். வாட்ச்மேன், "எல்லாரும் சொன்னாங்க சார், நானும் சந்தோஷப்பட்டேன்," என்று ஆகாயத்தைப் பார்த்தார். பொறி வைத்தவர்தான் பொறிக்குள் நின்றார். உறை பிரிக்காத பேனா, பாதி கேக், கூடவே கை நிறையக் குழப்பம்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பிறந்தநாளைச் சொன்ன அதே மூச்சில் மொட்டையிடம் வேறொன்றும் சொல்லித் தொலைத்திருந்தார்: "மச்சினன் இந்த வீட்டுக்குள்ள வந்தான்னா நான் வெளிய ஓடிடுவேன்டா."

அது மட்டும் அவள் காதுக்குப் போயிருந்தால்? தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவள். அவர் நாள் முழுக்க அவள் முகத்தையே லென்ஸ் போட்டுப் பார்க்காத குறையாகப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

சாயங்காலம் மச்சினன் போன் செய்தான். "மாமா, ஆபீஸ் பக்கத்துலயே ரூம் பாத்துட்டேன். நீங்க எங்கயும் ஓட வேண்டாம்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். போச்சு. அவளுக்கும் தெரியும். இந்தச் சனியனை நாளைக்கே மச்சினனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மொட்டையிடம் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? கடைசியாக ஒரு முறை மாட்டிக்கொண்டார். தொழிற்சாலையில் குண்டு மழை.

"மொட்டை, நாளையிலேருந்து நான் வரமாட்டேன்டா. உன் அண்ணியை என்னென்னவோ சொல்லியிருக்கேன், எதையும் மனசுல வெச்சுக்காத. அவ ஊருக்குப் போனா எனக்கு வீட்டுல எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்குன்னுகூடத் தெரியாம இருட்டுல உக்காந்திருப்பேன். தார் மாதிரி போட்டாலும் அவ காப்பிதான்டா காப்பி. இதை நேர்ல சொல்லலாம்னா, அவளைப் பாத்ததும் 'ம்'மைத் தவிர வேற எழுத்தே வர மாட்டேங்குது..."

மொட்டை தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தான். எழுந்திருக்கக் கூடாத நேரம். எங்கிருந்தோ ஒரு குண்டு.

"மொட்டை! டேய் மொட்டை!"

மறுநாள் காலை மனைவியின் கண்கள் சிவந்திருந்தன. காப்பி அளவான நிறத்தில் இருந்தது. டம்ளரை வைத்த கையோடு அவள் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். கோபம்தான் என்று அவர் தீர்மானித்தார். கருவியைப் பெட்டியில் போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். எதிரே படியேறி வந்த பேங்க்காரர் ஆறுதலாக இவர் தோளைத் தட்டிவிட்டு மேலே போய்விட்டார்.

கேட்டில் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். "மொட்டை நல்ல பையன் சார். மனசைத் தேத்திக்குங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "மொட்டையை உனக்கு எப்படிய்யா தெரியும்? யார் சொன்னது? இந்த மெஷின்தானே?"

வாட்ச்மேன் மாடியில் இவர் வீட்டு ஜன்னலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மெஷின் இல்ல சார், நீங்கதான். அதை மாட்டிக்கிட்டு நீங்க கத்துறது தெருமுனை வரைக்கும் கேக்குது. ஆனா உங்ககிட்ட யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு உங்க வீட்டு அம்மாதான் வீடு வீடா வந்து கேட்டுக்கிட்டாங்க, தெரிஞ்சா அப்புறம் அவங்களைப் பத்தி வாயே திறக்க மாட்டீங்களாம்!"