நாற்பத்தொன்றாம் நம்பரின் பச்சைக் கோடு

வேலம்பாளையம்,
16.10.2008, வியாழன் மாலை.

மரியாதைக்குரிய குன்னத்தூர் மச்சான் அவினாசியப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே சாரதாமணி சௌக்கியம், அவளுடைய முழங்கால் சௌக்கியம், இரண்டு எருமைகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் தோட்டத்து மோட்டாரும் அப்படியே இருக்கச் சென்னிமலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும். நான் மட்டும் சௌக்கியமாக இல்லை. செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எந்திரம் செய்கிற எங்கள் பட்டறையை இரண்டு பேருக்கும் பாகம் பிரித்துக் குறுக்கே கட்டிய சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, மச்சான். செங்கல் தீர்ந்துபோய் மூன்று அடி இடைவெளியோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து என் சித்தப்பா மகன் சென்னியப்பன் "நூறு வயசுங்கண்ணா" என்கிறான். அப்படிப்பட்ட சுவரை வைத்துக்கொண்டு போனில் எதையும் பேச முடியாது.

விஷயம் உங்கள் மகள் அனுப்பிரியாவின் கோயமுத்தூர் ஆபீசைப் பற்றியது. பூண்டி பக்கத்து மில் ஒன்றில் துணி உலர்த்துகிற டிரையர் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். இருபது வருஷமாக நான் கண் வைத்திருக்கும் மில் அது. அங்கே என் பெயர் போட்ட எந்திரம் ஒன்று நின்றுவிட்டால் மற்ற மில்காரர்கள் தாமாகவே பட்டறை வாசலுக்கு வருவார்கள். ஆனால் அந்த மேனேஜர், எந்திரத்தைச் செய்வதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுங்கள், துணியின் ஓரத்திலும் நடுவிலும் சூடு ஒரே மாதிரி விழுகிறது என்பதற்குக் காகிதம் கொடுங்கள், இருபதாம் தேதி திங்கட்கிழமைக்குள் வந்தால் நீங்கள், வராவிட்டால் வடநாட்டு எந்திரம் என்று சொல்லிவிட்டார். அனுப்பிரியா செய்வது அந்த வேலைதானே. இரும்பை வெட்டாமல், ஃபேனை மாட்டாமல், உள்ளே சூட்டுக்காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறார்கள். சிமுலேஷன் என்று பெயர். நாலு சேம்பர், அதாவது நாலு சூட்டறை, எட்டு ஃபேன் வைத்து என் கைப்பட வரைந்த படத்தைச் செப்டம்பர் கடைசியில் அவளிடம் கொடுத்தேன். பல கம்ப்யூட்டர்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றாள். நிம்மதியாக ஊருக்குத் திரும்பினேன். அந்த நிம்மதி மூன்று நாள் இருந்தது.

நாலாம் நாள் சென்னியப்பன் பட்டறையில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. திரை தட்டையாக, மெல்லிசாக, சுவரில் மாட்டுகிற காலண்டர் மாதிரி இருக்கிறது. என்னுடையது இன்னும் முதுகு புடைத்த பழைய சாமான். எனக்கு அவன் மேல் பொறாமை என்று சாரதாமணி உங்களிடம் சொல்லியிருப்பாள். அதெல்லாம் கிடையாது. ஒரே நாளில் ஒரே ஆளை வைத்துப் போர் போட்டோம், அவனுக்கு முந்நூறு அடியில் நல்ல தண்ணீர், எனக்கு எழுநூறு அடியில் உப்புத் தண்ணீர், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் அவனுக்கு மை பூசாமலே தலை கறுப்பாக இருக்கிறது, அதையும் விட்டுவிட்டேன். ஆனால் நான் சிமுலேஷனுக்குக் கொடுத்த நாலாம் நாள் அவனுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்று நீங்களே சொல்லுங்கள். வயிறு எரிந்தது மச்சான். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய் அங்கிருந்து அனுப்பிரியாவுக்குப் போன் போட்டு, நாலு சேம்பர் வேண்டாம் அம்மிணி, அஞ்சாக்கு, ஃபேனைப் பத்தாக்கு என்றேன். அவளும் சரிங்க மாமா என்று அதைப் புது வேலையாகப் பதிந்து, அதற்கு நாற்பத்திரண்டு என்று நம்பர் கொடுத்து, இனிமேல் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று நீங்கள் வேலம்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம் என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தையும் அதற்குப் பாஸ்வேர்டையும் கொடுத்தாள். நான் கெட்டது அந்தப் பக்கத்தால்தான்.

திறந்து பார்த்தால் இரண்டு வரிசை இருந்தது. கீழே என்னுடைய நாற்பத்திரண்டு. மேலே நாற்பத்தொன்று என்று இன்னொன்று. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பச்சைக் கோடு, பக்கத்தில் எத்தனை சதவிகிதம் முடிந்தது, எத்தனை கம்ப்யூட்டர் அதற்காக உழைக்கிறது, எப்போது முடியும், எல்லாம் அப்போதைக்கப்போது மாறிக்கொண்டே இருக்கும். பெயர் மட்டும் கிடையாது. பெயர் எதற்கு, எனக்குத் தெரியாதா அது யார் என்று. நாற்பத்தொன்றை அழுத்தினால் உள்ளே எந்திரத்தின் விவரம் வந்தது. நாலு சேம்பர், எட்டு ஃபேன். மச்சான், என் முதல் படத்தை அப்படியே அடித்திருக்கிறான். காற்று வெளியே போகிற குழாயை நான் கை தவறி இரண்டு அங்குலம் இடப்பக்கமாக வரைந்துவிட்டேன், அந்தக் கோணல் உட்பட அப்படியே இருக்கிறது. மூன்று அடி இடைவெளி வழியாக ஏணி போட்டுப் பார்த்து வரைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவன் கோடு முப்பது சதவிகிதத்தில் இருந்தது, என்னுடையது ஒன்றில். அவனுக்கு எட்டுக் கம்ப்யூட்டர், எனக்கு நாலு. கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

அன்றிலிருந்து என்னுடைய கோட்டை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் நாற்பத்தொன்று, சாப்பிட்டுக் கை கழுவியதும் நாற்பத்தொன்று. பெயரைச் சொல்லிக் கேட்டால் பொறாமை என்று நினைத்துக்கொள்வாளே என்று அனுப்பிரியாவிடம் பொதுவாக, அந்த நாற்பத்தொன்று மட்டும் ஏன் கண்ணு இந்த ஓட்டம் ஓடுகிறது என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா. "அதுதானுங்க மாமா நல்ல டிசைனு. சின்னதா, கச்சிதமா இருக்குது. எனக்கு அதுதான் புடிச்சிருக்குது" என்றாள். பங்காளியின் எந்திரத்தை, அதுவும் திருட்டு எந்திரத்தை, என் மனைவியின் அண்ணன் மகளே என்னிடம் புகழ்கிறாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்து, என்னங்க, ஏதாவது துக்கச் செய்தியா என்று விசாரித்தார்கள். நான் அங்கேயே என்னுடையதை ஆறு சேம்பராக்கச் சொன்னேன். அதனால் என் கோடு மறுபடி சைபருக்குப் போனது. அவன் அறுபதைத் தாண்டிய அன்றைக்கு ஏழு சேம்பராக்கினேன், மறுபடி சைபர். கரண்ட் கட் சமயத்தில் என் திரை இருண்டு கிடக்கும், சரி அவனுக்கும் நின்றிருக்கும் என்று வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஆறுதல் அடைந்திருப்பேன். கரண்ட் வந்ததும் பார்த்தால் அவன் கோடு இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். கணக்குப் போடுகிற கம்ப்யூட்டரெல்லாம் கோயமுத்தூரில் ஜெனரேட்டரில் ஓடுகிறதாம். அந்த ஜெனரேட்டரும் அவன் பக்கம்தான்.

இதற்கு நடுவில் உங்கள் தங்கை என் படத்தை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஏழு சேம்பரும் சேர்ந்தால் எந்திரம் தொண்ணூறு அடி வருகிறது. மில்லில் கொடுத்திருக்கும் இடம் அறுபது அடி. "ஏனுங்க, மீதி முப்பதடிய எங்கீங்க வெப்பீங்க? மில்லுக்காரரு ரோட்டுல கொட்டாய் போட்டுக்குவாரா?" என்று கேட்டாள். அவளுக்குத் தொழில் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த முப்பது அடி அன்றிலிருந்து என் நெஞ்சில்தான் நிற்கிறது.

இனிமேல் எழுதப்போவதை அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் அவன் தொண்ணூற்றேழு. நான் நாலு, முடிய இன்னும் பதினோரு நாள். திங்கட்கிழமை அவன் காகிதத்தோடு மில்லுக்குப் போவான், நான் என் நாலு சதவிகிதத்தோடு வாசலில் நின்று பார்ப்பேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தன் பெண்டாட்டியிடம் சொல்வது கேட்டது. "இன்னும் மூணுதான் பாக்கி. மூணும் வந்துருச்சுன்னா முடிஞ்சுது." தொண்ணூற்றேழும் மூன்றும் நூறு. அந்த இன்டர்நெட் பக்கத்தில் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் சிவப்பாக ஒரு பட்டன் உண்டு, வேலையை நிறுத்துவதற்கு. நாற்பத்தொன்றுக்கும் உண்டு. எதிராளியின் வேலையை நிறுத்த என் கையில் எப்படிப் பட்டன் வந்தது என்று ஆரம்பத்தில் யோசித்தேன். பிறகு, வாயால் சொல்லாவிட்டாலும் மாமாவுக்கு நம்ம அம்மிணி செய்திருக்கும் மரியாதை அது என்று புரிந்துகொண்டேன். நிச்சயமாக நிறுத்தவா என்று இங்கிலீஷில் ஒரு தரம் கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டேன். பச்சைக் கோடு சாம்பல் நிறமானது. உள்ளபடி சொல்கிறேன், இரண்டு நிமிஷம் பெரிய சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கை தட்டுகிற சத்தம். "வந்துருச்சு, மூணும் வந்துருச்சு" என்கிறான். நான் நிறுத்திய பிறகும் அவனுக்கு முடிந்துவிட்டது, மச்சான். இப்படியும் ஒரு ஆளுக்கு அதிர்ஷ்டம் உண்டா. இன்று காலையில் ஒரு தூக்குச் சட்டியில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொண்டுவந்து கொடுத்து, உங்க வேலை எப்படிப் போகுதுங்கண்ணா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். குத்திக் காட்டத்தானே கேட்டான். கச்சாயம் நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆகையால் நீங்கள் எனக்காகச் செய்ய வேண்டியது இதுதான். நாற்பத்தொன்று எப்படி நின்றது என்று யாராவது கேட்டால், கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் கோளாறு என்று சொல்லும்படி அனுப்பிரியாவிடம் சொல்லி வையுங்கள். நிறுத்தின பிறகும் அவனுக்கு எப்படி முடிந்தது என்பதையும் பக்குவமாகக் கேளுங்கள். எட்டுக் கம்ப்யூட்டரையும் என் பக்கம் திருப்பிவிட முடியுமா, அதையும் கேளுங்கள். திங்கட்கிழமை அந்த மில் கை நழுவினால் எனக்கு இந்த வயதில் இன்னொரு மில் இல்லை. சாரதாமணிக்குத் தெரிய வேண்டாம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே நீங்களும் அக்காவும் வந்துவிட வேண்டும். உங்கள் வெள்ளாமை வீடு நிறையட்டும், பசு கன்று பெருகட்டும், அனுப்பிரியாவுக்கு நல்ல இடமாக அமையட்டும், அந்த இடம் சென்னியப்பன் பார்த்துச் சொன்ன இடமாக மட்டும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு உங்கள் அன்புக்கும் தயவுக்கும் உரிய,
அர்த்தநாரி.

பின்குறிப்பு: இதை மடித்துக் கவரில் போடும்போது அனுப்பிரியாவே வந்து இறங்கினாள். குன்னத்தூர் வருகிற வழியாம். வந்ததும் வராததுமாக, உங்கள் தங்கை காப்பி டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போதே, "நாப்பத்தொண்ண ஏனுங்க மாமா நிறுத்துனீங்க? மூணு பர்சன்ட்டுதான இருந்துச்சு" என்று கேட்டாள். கரண்ட், ஜெனரேட்டர் என்று நான் ஆரம்பித்தேன். "அந்த இன்டர்நெட் பக்கத்துல உங்க வேலை மட்டுந்தானுங்க மாமா தெரியும். ரெண்டுமே உங்களுது. மொதல் படம் நல்லா இருந்துச்சுன்னு நான் அதையும் நிறுத்தாம ஓட விட்டிருந்தேன்" என்றாள். நான் நிறுத்தியதைக் கண்டு, விட்ட இடத்திலிருந்து நேற்று ராத்திரியே மறுபடி ஓட்டி முடித்து, காகிதத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள். ஓரத்திலும் நடுவிலும் சூடு ஒரே மாதிரி விழுகிறது. அந்தக் கோணல் குழாயும் ஒன்றும் கெடுக்கவில்லை. அறுபது அடிக்குள் அடங்குகிறது. திங்கட்கிழமை நான்தான் கொண்டுபோகிறேன்.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாரதாமணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே பார்த்து, தம்பி, பூண்டி மில்லுக்கு நீங்கள் என்ன படம் கொடுத்தீர்கள் என்று சத்தமாகக் கேட்டாள். அவன் அந்தப் பக்கமிருந்தே பதில் சொன்னான். "நான் குடுக்கலீங்கண்ணி. மேனேஜரு மொதல்ல என்னையத்தான் கேட்டாருங்க. அண்ணன் அந்த மில்லுக்கு இருபது வருசமா ஆசப்பட்டது எனக்குத் தெரியுமுங்களே. அதான் அவரயே கேளுங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க." கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டாள். சாயங்காலத்தில் அதில் தனியாகச் சீட்டு ஆடுகிறானாம், நேற்று மூன்று சீட்டு வராமல் பாடாய்ப் படுத்தியதாம்.

மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கச்சாயம் நன்றாக இருந்தது என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னேன். ஆனால் மனசு ஆறவில்லை. விட்டுக்கொடுப்பதிலும் அவனே என்னை முந்திக்கொண்டான், இதை நான் எப்படித் தாங்குவது. அடுத்து எந்த மில்லிலாவது டிரையர் கேட்கிறார்கள் என்று அனுப்பிரியாவுக்குத் தெரிய வந்தால் எனக்கு முதலில் சொல்லச் சொல்லுங்கள். அதை நான் சென்னியப்பனுக்கு விட்டுக்கொடுக்கப் போகிறேன். அவன் காதில் விழுவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.