தேருக்கு முன்னால் போன லைவ்

யாருக்கும் தலைகுனியாதவன் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. நான் கைப்பேசிக்குத் தலைகுனிந்தே வாலிபத்தைக் கழித்தவன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க் வேலை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் சேருமுன்னே எழுந்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் ரோஜாப்பூவோடு வணக்கம் அனுப்பிவிடுவேன். (அடுத்த காம்பராவில் இருந்த அம்மாவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.) தூக்கம் கெட்டு, கண் சிவந்து, கொழுந்து எடை எழுதவேண்டிய இடத்தில் லைக் கணக்கை எழுதியிருக்கிறேன்.

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அம்மன் தேர் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி வரும்போது, குறுக்கே தொங்கும் ஒயர்களை ஒருவன் முன்னால் போய் மூங்கில் கம்பால் தூக்கிப் பிடிக்கவேண்டும். அந்த வருடம் கம்பு என் கைக்கு வந்தது. எனக்குப் பெண் கொடுக்க யோசித்த கொட்டகலைக்காரர் திருவிழாவுக்கு வந்திருந்தார். பையன் பொறுப்பானவன் என்று காட்ட அப்பா செய்த ஏற்பாடு அது.

எனக்கு இன்னொரு கை சும்மா இருந்தது. அதில் லைவ் போட்டேன், என் முகம் முன்னால், தேர் பின்னால். கொழும்பு, டுபாய் என்று ஆட்கள் குவிந்தார்கள். கொட்டகலையில் வீட்டிலிருந்த அந்தப் பெண்ணும் லைவுக்குள் வந்து, "ஒயர்" என்று எழுதினாள்.

"கொட்டகலையிலேருந்து ஒருத்தங்க ஒயர்னு சொல்றாங்க. ரொம்ப நன்றிங்க" என்றேன்.

டுபாய்க்காரர்களும் "ஒயர், ஒயர்" என்று எழுதத் தொடங்கினார்கள். அப்படியொரு வரவேற்பை நான் கண்டதே இல்லை. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லோருக்கும் கையசைத்தேன்.

தேரின் உச்சிக் கலசம் ஒயரில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு, சரிவில் தேயிலைக்குள் உருண்டது. கரண்டை முன்னமே நிறுத்தியிருந்ததால் உயிர்கள் தப்பின. மானம் தப்பவில்லை, லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்ணின் அப்பாதான் இறங்கிப்போய்க் கலசத்தை எடுத்து வந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏந்தம்பி, கொட்டகலையில இருக்கிற எம் மகளுக்குத் தெரிஞ்ச ஒயரு, ஒங்க தல மேலயே இருந்தும் ஒங்களுக்குத் தெரியலையா?"

"கமெண்ட்டு வேகமா போயிருச்சுங்க, மாமா."

(முதன்முதலாக மாமா என்று கூப்பிட அதைவிட மோசமான நேரம் கிடையாது.)

கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது. அடுத்த திருவிழாவில் நான் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துத் தேரைக் கோயிலில் சேர்த்த பிறகுதான் அவர் சம்மதித்தார். இடைப்பட்ட வருடம் கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறேன். பெண்ணுக்கு மறுப்பில்லை. "ஒயர்னு சொன்னா நன்றி சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றாளாம்.

இன்றும் மாமனார் வீட்டில் சாப்பிடும்போது நான் கைப்பேசியை எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மாமனார், மாமியார், என் மனைவி எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கிக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அதைக் கீழே வைக்கும்வரை ஒருவரும் அடுத்த பிடி சோறு எடுப்பதில்லை.