வானில் குடியிருந்தவர்

உலகத்திலேயே தொலைக்காட்சியைக் காதால் மட்டும் பார்த்தவர் எங்கள் சட்டி அண்ணை ஒருவர்தான். சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத் தெருவில் நான் ஒரு தொலைபேசிக் கடை வைத்திருந்தேன். பக்கத்து வெறும் வளவில், முன்னொரு காலம் பேக்கரிப் பாண் விற்றுத் திரிந்த வான் ஒன்றை நிறுத்தி, அதற்குள் அவர் குடியிருந்தார். உள்ளே கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, கார் பற்றரியில் ஓடும் சின்ன ரீவி. வெளியே இரும்புக் காலில் சட்டி மாதிரி ஒரு டிஷ். அதைப் பார்த்துத்தான் தெரு அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவருடைய வீடு சீனன்குடாப் பக்கம் இருந்தது. பாதுகாப்பு வலயம் என்று கம்பி அடித்தபோது வீடு உள்ளேயும் அவர் வெளியேயும் ஆகிவிட்டார்கள். "இது சில்லு பூட்டின வீடு பிள்ளை. கம்பி வந்தால் ஸ்ராட் பண்ணிக்கொண்டு போயிடுவன்" என்பார். சொன்னபடி வாரத்துக்கு இரண்டு நாள் போகவும் செய்வார். நிலாவெளி, கிளிவெட்டி என்று போன இடமெல்லாம் முதல் வேலை சட்டியை இறக்கி வைப்பதுதான். சோறு பிறகு.

சட்டியை வைப்பது லேசான வேலை இல்லை. வெளிநாட்டுப் படங்களில் வருகிற சட்டிகள் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். எங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட நேரே மேலே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் படம் விழாது. ஆகவே மழை பெய்தால் நிரம்பும். மழை விட்டால் காகம் வந்து அதில் குளிக்கும். படம் கலங்கியதும் அண்ணை தென்னம்மட்டையோடு வெளியே பாய்வார். திசைகாட்டி வைத்திருந்தால் விசாரணைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதால், மத்தியான நிழலைப் பார்த்து நிலத்தில் கோடு கீறித்தான் திசை பிடிப்பார். வெயில் இல்லாத மப்பு நாளில் கடைக்கு வந்து என்னிடம் கிழக்கு எது என்று கேட்பார். நான் கையைக் காட்டினால் நம்பமாட்டார்.

இவ்வளவு பாடுபட்டு அவர் பார்த்தது இந்தியச் சனல் ஒன்றில் மத்தியானம் வருகிற ஒரே ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் தொலைபேசியில் பேசிப் பாட்டுக் கேட்பார்கள். தெருச் சனம் பாட்டுக்காக வான் கதவடியில் வந்து குந்தியிருக்கும். பாட்டுத் தொடங்கியதும் அண்ணை சத்தத்தைக் குறைத்துவிடுவார். அடுத்த ஆள் "ஹலோ" சொன்னதும் கூட்டுவார். சனம் வாய்க்கு வந்தபடி திட்டும். அவர் கண்ணை மூடி, காதை ரீவியோடு ஒட்டிவைத்திருப்பார்.

ஏன் இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு ஒரே தங்கச்சி. கலவரத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவள். எந்த முகாமில் இருக்கிறாள் என்று இவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததோ கம்பிக்குள் போன வீட்டின் விலாசம் மட்டும்.

"அவள் பாட்டுப் பைத்தியம். எண்டைக்காவது கோல் எடுப்பாள். அங்கத்தைச் சனம் மாதிரித்தான் கதைப்பாள். ஆனால் ஆமா எண்டு சொல்லுற இடத்தில ஒருக்கா ஓம் எண்டு வாய் தவறும். அதுக்குத்தான் காத்துக்கொண்டு இருக்கிறன்."

அன்றிலிருந்து நான் அவரைத் திட்டுவதை விட்டேன்.

ஒருமுறை இராணுவச் சென்றியில் வானை மறித்து, இது என்ன ராடரா என்று கேட்டிருக்கிறார்கள். அவசரத்தில் அண்ணைக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் வரவில்லை. அரிசி களைகிற சட்டி என்று கையால் காட்டியிருக்கிறார். இவ்வளவு பெரிய சட்டியில் எத்தனை பேருக்குச் சோறு ஆக்குகிறாய் என்று அவர்கள் கேட்க, விசயம் பெரிதாகிவிட்டது. கடைசியில் அங்கேயே சட்டியை வைத்து, படத்தைக் காட்டினார். காட்டியதுதான் பிழை. அன்றைக்குக் கிரிக்கெட். மட்ச் முடியும்வரை விடவில்லை. தேத்தண்ணி கொடுத்து, முதுகில் தட்டித்தான் அனுப்பினார்கள். ஆனால் நிகழ்ச்சி தவறிவிட்டது. அன்றைக்குத்தான் அவள் எடுத்திருப்பாள் என்று மூன்று நாள் அவர் யாரோடும் கதைக்கவில்லை.

அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல்தான், நீங்களே எடுத்துக் கதையுங்கோ என்று நான் சொன்னேன். இரண்டு மாதம் என் கடையிலிருந்து முயன்றோம். ஒரு மத்தியானம் லைன் கிடைத்தது. அண்ணை இல்லாத துணிவில் வானடியில் சனம் ரீவியை அலறவிட்டிருந்தது. அறிவிப்பாளப் பெண் முதலில் சொன்னது, சார், உங்க டிவி சத்தத்தைக் குறைங்க என்று. பிறகு பேரும் ஊரும் கேட்டாள். என்ன பாட்டு வேணும் என்றாள். அண்ணைக்கு ஒரு பாட்டும் தெரியாது. எதைத்தான் அவர் முழுதாகக் கேட்டார்?

"பாட்டு வேண்டாம் பிள்ளை. தங்கச்சி, வீட்டுக்குக் கடிதம் போடாத. அங்க ஒருதரும் இல்லை. நான் இப்ப வானிலதான் இருக்கிறன்."

அந்தப் பெண்ணின் ஊரில் இந்த வண்டிக்குப் பேர் வேன். வான் என்றால் ஆகாயம் மட்டும்தான்.

"வானத்துலயா சார்?"

"ஓம், ஓம். நல்ல வசதி. மழைக்குத்தான் கொஞ்சம் ஒழுகும்."

அந்தப் பெண் அவசரமாக லைனை வெட்டி, மறைந்த அண்ணனின் நினைவாக என்று ஒரு சோகப் பாட்டைப் போட்டாள். தெரு ஒரு கிழமை சிரித்தது. நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணை மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "நான் செத்துப்போனன் எண்டெல்லோ நினைக்கப் போறாள்" என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தபால்காரர் இந்தியக் கடிதம் ஒன்றோடு வந்தார். அவருடைய சொந்தப் பெயரை எழுதி, கீழே 'பழைய வான், திருகோணமலை' என்று மட்டும் போட்டிருந்தது. ஊரிலுள்ள வான்காரர் எல்லாரையும் விசாரித்துவிட்டு வந்தாராம். அண்ணை அதை என்னிடம் நீட்ட, நான்தான் வாசித்தேன். "முகாமில எல்லாரும் சிரிச்சவை அண்ணா. எனக்கு மட்டும்தான் விளங்கினது. ஒழுகுற இடத்துக்குத் தார் பூசுங்கோ." அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

பிறகு சண்டை கொஞ்சம் ஓய, வருகிறேன் என்று அவள் எழுதினாள், ஆனால் வருவதற்குள் அது திரும்பத் தொடங்கிவிட்டது. ஒரு காலையில் அண்ணை சட்டியைக் கழற்றி வானில் ஏற்றினார். மன்னார்ப் பக்கம் போகிறேன், இந்தியா கிட்ட, படம் நல்லாய் விழும் என்றார். படம் இந்தியாவிலிருந்து வருவதில்லை, மேலேயிருந்து வருவது என்று என்னைவிட அவருக்குத் தெரியும். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நானும் கடையைப் பூட்டிவிட்டு வவுனியாவுக்கு வந்துவிட்டேன். மழை பெய்கிற நாளெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். வீட்டு வளவில் ஒரு வான் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன் அண்ணை, மேலே மரம் ஒன்றும் மறைக்காது.